கார் படத்துக்கு எச்டிஆர்: தகட்டின் மேல் கை வைக்காதீர்கள்

கார் படங்களை எடிட் செய்பவர்களிடையே கைமாறிக் கைமாறி வந்திருக்கும் ஒரு செய்முறை உண்டு. லைட்ரூமைத் திறந்து ஹைலைட்ஸை மைனஸ் 100க்கு இழுக்க வேண்டும்; ஷேடோஸை பிளஸ் 100க்குத் தள்ள வேண்டும்; கிளாரிட்டியை ஐம்பதைத் தாண்டி ஏற்றி, மேலே கொஞ்சம் டீஹேஸ் சேர்த்தால் எச்டிஆர், அதாவது வெளிச்சத்திலும் இருட்டிலும் ஒருசேர விவரம் தெரியும் படம், தயார். பலன் கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. வானம் மழைக்கு முந்தைய பொழுதுபோல் இருண்டு திரள்கிறது, டயரின் பட்டன்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், தார்ச்சாலையின் ஜல்லி துருத்திக்கொண்டு தெரிகிறது. ஆனால் படத்தின் நாயகனான காரைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். கதவு புகை படிந்த தகரம்போல் மங்கியிருக்கும். கூரையின் விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். பானெட்டின் வளைவு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பிடிபடாது. ஜல்லிக்குக் கிடைத்த உருவம் காருக்குக் கிடைக்கவில்லை. எச்டிஆர் தோற்றமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தோற்றத்தை உண்டாக்கும் கருவிகள் எந்த நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டவையோ, அது கார்த் தகட்டுக்குப் பொருந்தாது என்பதுதான் என் வாதம். சக்கரம், கிரில், வண்டியின் உட்புறம், தரை, வானம் எல்லாவற்றுக்கும் எச்டிஆர் செய்யுங்கள். பெயின்ட் பூசிய தகட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒளி இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப். இன்றைய நல்ல கேமரா ஒன்று, குறைந்த ஐஎஸ்ஓவில், 12 முதல் 15 ஸ்டாப் வரையிலான வேறுபாட்டை ஒரே ரா ஃபைலில் பிடித்துவிடுகிறது. 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16,384 படிகள். அதையே ஜேபெக்காக மாற்றினால் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் மிஞ்சும். சாதாரண கம்ப்யூட்டர் திரை காட்டக்கூடிய வேறுபாடு ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 10 ஸ்டாப். பளபளப்பான தாளில் அச்சிட்டால் அது 6 அல்லது 7 ஸ்டாப்பாகச் சுருங்கிவிடும். வெளியே இருக்கும் உலகமோ இதற்குள் அடங்காது. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஒரு லட்சம் லக்ஸ். நிறுத்திய காரின் அடியிலும் மட்கார்டுக்குள்ளும் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே எதையாவது சுருக்கித்தான் ஆக வேண்டும். எதைச் சுருக்குவது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் படம் பிழைப்பதும் சாவதும்.

இந்தச் சிக்கல் டிஜிட்டல் காலத்தில் முளைத்ததல்ல. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடல் காட்சிகளை எடுத்தபோது, அன்றைய கொலோடியன் தகடுகள் நீல ஒளிக்கு அதிகமாகவும் மற்ற நிறங்களுக்குக் குறைவாகவும் இணங்கின. கடலுக்குச் சரியாக வைத்தால் வானம் வெளிறிப் போகும். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து அடிவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். இன்று நாம் மாஸ்க் போட்டுச் செய்வது அதேதான். டிஜிட்டல் எச்டிஆரின் அடித்தளக் கட்டுரைகளில் ஒன்று 1997இல் வந்தது. பெர்க்லியில் இருந்த பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் எழுதியது. வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் எடுத்த பல படங்களிலிருந்து காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் எவ்வளவு ஒளி இருந்தது என்று கணக்கிடும் முறை அது. அளவெடுக்கும் வேலை; அதில் ‘தோற்றம்’ என்று எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே டெபெவெக், அப்படி அளந்த ஒளியைக் கொண்டு கம்ப்யூட்டரில் செய்த பொருள்களுக்கு வெளிச்சம் கொடுத்துக் காட்டினார். இன்றைய கார் விளம்பரங்களில் முழுக்க கம்ப்யூட்டரில் உருவாகும் கார்கள் நிஜச் சாலையில் நிற்பதுபோல் நம்பும்படி இருப்பதற்கு அந்த வழிதான் காரணம்: இடத்தின் ஒளியை முழுதாக அளந்து, அதைத் தகட்டில் பிரதிபலிக்க விடுகிறார்கள்.

நாம் எச்டிஆர் தோற்றம் என்று சொல்வது இதற்கு அடுத்த படியில் வருகிறது. அளந்த பெரிய ஒளியைத் திரையின் சின்ன வரம்புக்குள் அடக்கும் படி அது. டோன் மேப்பிங் என்று பெயர். 2002இல் ஃப்ரெடோ டுராண்ட், ஜூலி டோர்சி இருவரும் வெளியிட்ட முறை இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. படத்தை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் பெரிய பரப்புகளில் மெதுவாக மாறும் வெளிச்சம். மற்றொன்றில் நுணுக்கமான விவரம். முதல் அடுக்கை நசுக்கிவிட்டு, இரண்டாவதை அப்படியே வைத்துக்கொண்டு, மீண்டும் சேர்த்துவிடுகிறார்கள். கிளாரிட்டி போன்ற ஸ்லைடர்கள் வேறு வேறு கணிதத்தில் செய்தாலும் போக்கு இதுவேதான்: பெரிய ஏற்ற இறக்கம் குறையும், சின்ன ஏற்ற இறக்கம் கூடும். இதற்குள் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. மெதுவாக மாறுவது வெறும் வெளிச்சம், அது போனால் போகட்டும். நுணுக்கமாக மாறுவதுதான் பொருள், அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. செங்கல் சுவருக்கு இது முழு உண்மை. கோயில் தூணுக்கும், ஆலமரத்து விழுதுக்கும், உதிர்ந்த சுண்ணாம்புக்கும் உண்மை. அதனால்தான் அந்தப் படங்களில் எச்டிஆர் அவ்வளவு நன்றாக எடுபடுகிறது.

கார்க் கதவில் இது தலைகீழ். கதவுத் தகட்டில் நுணுக்கமான விவரம் என்று என்ன இருக்கிறது? தூசி, துணி போட்டுத் துடைத்ததில் விழுந்த வட்ட வட்டக் கீறல், பெயின்ட் கடைக்காரர்கள் ஆரஞ்சு பீல் என்று சொல்லும் தோல் போன்ற மேடுபள்ளம். அவ்வளவுதான். கதவின் உருவம் முழுவதும் மெதுவாக மாறும் அந்தப் பெரிய ஒளி இறக்கத்தில்தான் இருக்கிறது. தோள் பகுதியில் பளீரென்று தொடங்கி, கைப்பிடிக்குக் கீழே தணிந்து, அடிப்பக்கம் மறுபடி தரையின் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு லேசாக எழுவதுதான் கதவு. மென்பொருள் இதை ‘வெறும் வெளிச்சம்’ என்று எடுத்துக்கொண்டு நசுக்குகிறது. தூசியைப் ‘பொருள்’ என்று தூக்கி நிறுத்துகிறது. ஸ்லைடரை ஏற்ற ஏற்றக் கார் அழுக்காகத் தெரிவது உங்கள் கண்ணின் குறை இல்லை. கருவி தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்கிறது, அவ்வளவே.

தகட்டின் வடிவம் பிரதிபலிப்பில்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஏதாவது ஒரு டிங்கரிங் பட்டறையில் கவனியுங்கள். பழைய வண்டி வாங்க வருபவரோடு கூட வரும் விவரம் தெரிந்த மெக்கானிக், கதவுக்கு நேராக நின்று பார்ப்பதில்லை. பின்பக்க மூலையில் குனிந்து, கன்னத்தைத் தகட்டுக்குக் கிட்டே கொண்டுபோய், நீளவாக்கில் பார்க்கிறார். மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பம் கதவு நெடுக ஒரே கோடாக ஓடினால் வண்டி சுத்தம். கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே ஒடுக்கு எடுத்துப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிறம் பொய் சொல்லலாம், புது பெயின்ட் பொய் சொல்லலாம், அந்தக் கோடு சொல்லாது. கார் வடிவமைப்பாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்ததும், அதன்மேல் பளபளப்பான ஃபிலிம் ஒட்டி, விளக்கின் பிம்பம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துத்தான் வளைவைத் திருத்துகிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்தின் மேலும் வரிக்குதிரைக் கோடுகளைப் பிரதிபலிக்க வைத்து, அவை இணைப்புகளில் உடையாமல் ஓடுகின்றனவா என்று சோதிக்கிறார்கள். பட்டறைக்காரரும் வடிவமைப்பாளரும் நம்பியிருக்கும் அந்த ஒரே தடயத்தை எடிட்டிங்கில் நாம் துடைத்து எறிந்தால், மிச்சம் இருப்பது காரின் வெளிக்கோடு மட்டும்தான்.

அம்பாசடரை நினைத்துக்கொள்ளுங்கள். 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அந்த வண்டியில் கூரிய மடிப்பு என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. பானெட் ஒரு பெரிய உருண்டை, முன் மட்கார்டு இன்னொரு உருண்டை, இரண்டும் சந்திக்கும் பள்ளத்தில் மட்டும் நிழல். வெள்ளை அம்பாசடரின் அழகு என்பதே அந்த உருண்டைகளின் மேல் வெண்மை சாம்பலாக இறங்கும் மென்மைதான். எச்டிஆர் ஸ்லைடர் முதலில் தின்பது இதை. இன்றைய கார்களில் கதவு நெடுக ஓடும் கூரான மடிப்புக் கோடு இருப்பதால் அவை ஓரளவு தாங்கும். கோடு விளிம்பாக இருப்பதால் மென்பொருள் அதை விட்டுவைக்கும். ஆனாலும் மடிப்புக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு தளங்கள் வேறு வேறு கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்ற செய்தி போய்விடும். தட்டையான அட்டையில் பேனாவால் கோடு கிழித்ததுபோல் ஆகிவிடும். ஒரு விலக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஷெட்டில் பத்து வருடம் நின்று துருப்பிடித்த வண்டி என்றால் கணக்கே வேறு. அங்கே பிரதிபலிப்பு செத்துவிட்டது. துருவும் உரிந்த பெயின்ட்டும்தான் பொருள். அந்த வண்டிக்குக் கிளாரிட்டியை நூறு வரை ஏற்றினாலும் நான் மறுக்க மாட்டேன்.

இதற்கு வரும் முதல் மறுப்பு: எச்டிஆர் என்பது ஒரு பாணி, உண்மையைக் காட்டுவதாக அது சொல்லிக்கொள்ளவே இல்லை, பார்ப்பவருக்கு அதிரடி வேண்டும், நாம் தருகிறோம். பாணி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிரடி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு மாறுபாடு. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் காரைவிட நீளமான ஒளிப்பெட்டியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, தோள் பகுதியில் ஒரே ஒரு நீண்ட வெளிச்சக் கோட்டை ஓடவிட்டு, மற்றதை இருட்டில் விட்டார்கள். அந்தப் படங்களின் வேகமும் வீரியமும் எல்லா இடத்திலும் விவரம் தெரிவதால் வந்தவை அல்ல. ஓர் இடம் மிக வெளிச்சமாகவும் இன்னோர் இடம் மிக இருட்டாகவும் இருந்ததால் வந்தவை. எச்டிஆர் செய்முறை இதற்கு நேர் எதிராகப் போகிறது: எல்லாவற்றையும் நடு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அங்கே சின்னச் சின்ன முரண்களைக் கூட்டுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசும் கல்யாண மண்டபம்போல, இரைச்சல் இருக்கும், யார் பேச்சும் காதில் விழாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. கண் எல்லாவற்றையும் பார்க்கிறதே. வெயிலில் நிற்கும் காரைப் பார்க்கும்போது வானமும் தெரிகிறது, சக்கரத்துக்குள் இருக்கும் டிஸ்க்கும் தெரிகிறது. கேமராவால் முடியாததை எச்டிஆர் செய்கிறது, ஆகவே அதுதான் கண்ணுக்கு நெருக்கம் என்கிறார்கள். பாதி சரி. கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது ஒருவிதமாகவும் மட்கார்டுக்குள் பார்க்கும்போது வேறுவிதமாகவும் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. மூளை இரண்டையும் தைத்துக்கொடுக்கிறது. ஆனால் அந்தத் தையலில் எது வெளிச்சம், எது இருட்டு என்ற வரிசை மாறுவதே இல்லை. டயரின் பட்டன் தெரியும். ஆனால் டயர் கதவைவிட இருட்டு என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். நிழலைத் திறப்பது கண்ணுக்கு நெருக்கமானதுதான். நிழலை வெயிலின் மட்டத்துக்கு ஏற்றிவைப்பது எந்தக் கண்ணும் பார்த்திராத ஒன்று.

இந்த வரிசையை மீறியிருக்கிறோமா என்று சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. காரின் நிறத்தைப் பொறுத்து அது மாறும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் கண்ணாடியைப் போன்றது. நேராகப் பார்த்தால் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டை மட்டுமே பிரதிபலிக்கும். பார்வை சாயச் சாய அது ஏறும். செங்குத்துக் கோட்டிலிருந்து 70 டிகிரி சாய்வில் 17 விழுக்காடு, 80 டிகிரியில் 40 விழுக்காட்டுக்குப் பக்கம். நூறை எட்டுவது தகட்டை உரசிக்கொண்டு பார்க்கும்போது மட்டுமே. இப்போது ஒரு கறுப்புக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு பெயின்ட் தானாகத் திருப்பி அனுப்பும் ஒளி மிகக் குறைவு; பானெட்டில் நாம் பார்ப்பதெல்லாம் வானத்தின் பிம்பம்தான். ஆகவே பானெட்டில் தெரியும் மேகம், மேலே இருக்கும் அந்த மேகத்தைவிட வெளிச்சமாக இருக்கவே முடியாது. எச்டிஆர் படங்களில் நடப்பதோ இதுதான்: ஹைலைட்ஸை இழுத்ததில் வானம் கருஞ்சாம்பலாகிவிடும், ஷேடோஸைத் தள்ளியதில் கறுப்பு பானெட் வெள்ளி பூத்துவிடும், மேகத்தைவிட மேகத்தின் பிம்பம் பளிச்சென்று இருக்கும். பார்ப்பவருக்கு இயற்பியல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் குளத்தையும் கண்ணாடியையும் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் கண்ணுக்கு ஏதோ பொய் என்று உடனே தட்டுப்பட்டுவிடும்.

வெள்ளைக் காரில் இந்த விதி அப்படியே திரும்பிவிடுகிறது. வெள்ளை பெயின்ட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. ஒரு லட்சம் லக்ஸ் வெயிலில் கிடக்கும் வெள்ளைத் தாளின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 30,000 கேண்டெலாவை நெருங்கும். தெளிந்த நீல வானம் பெரும்பாலும் சில ஆயிரம் கேண்டெலாதான். ஆக, வெயிலில் நிற்கும் வெள்ளைக் காரின் பானெட் தன் பின்னால் உள்ள நீல வானத்தைவிடப் பல மடங்கு வெளிச்சமாக இருப்பதுதான் நிஜம். அங்கே வானத்தை ஆழமான நீலமாக இறக்கினால் பொய்யாகாது. கார் இன்னும் எடுப்பாகத் தெரியும். நம் சாலைகளில் வெள்ளைக் கார்கள்தான் அதிகம் என்பதால், ஒரே ப்ரீசெட்டைப் பலர் வெள்ளைக் காரில் போட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறதே என்று நம்பி, பிறகு கறுப்பிலும் கருநீலத்திலும் அதையே போட்டுத் தோற்கிறார்கள். வெள்ளிநிற மெட்டாலிக் நடுவில் நிற்கிறது. உள்ளே இருக்கும் அலுமினியச் செதில்கள் பார்க்கும் கோணத்துக்கேற்ப ஒளியை மாற்றி அனுப்பும், அதனால் ஒவ்வொரு பேனலையும் தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சூரியனின் நேர்ப் பிம்பத்தையும் பேசிவிடுவோம். பானெட்டின் ஓரத்திலோ கண்ணாடிச் சட்டத்திலோ சின்னதாக வெள்ளை நட்சத்திரம்போல் எரியும் புள்ளி. ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பதறி, அதையும் மீட்கப் பலர் போராடுகிறார்கள். சூரியத் தட்டின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 160 கோடி கேண்டெலா. கிளியர் கோட் அதில் 4 விழுக்காட்டை மட்டும் திருப்பினாலும் 6 கோடிக்கு மேல். வெயிலில் இருக்கும் வெள்ளைத் தாளைவிட அது ஏறக்குறைய 2,000 மடங்கு, அதாவது இன்னும் 11 ஸ்டாப் மேலே. அதை மீட்டால் கிடைப்பது ஒரு சாம்பல் பொட்டு. பெயின்ட்டில் பறவை எச்சம் விழுந்ததுபோல் இருக்கும். அந்தப் புள்ளி வெள்ளையாக எரிந்துபோகட்டும், விடுங்கள். பளபளப்பு என்பதன் அடையாளமே அதுதான்.

சரி, எப்படித்தான் செய்வது? பாதி வேலை கேமராவிலேயே முடிய வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. அந்த வேளையில் கூரையும் பானெட்டும் வெந்துபோகும், கதவுகள் இருண்டு கிடக்கும். எந்த ஸ்லைடரும் அந்தக் கதவில் இல்லாத ஒளி இறக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்காது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகு வரும் இருபது நிமிடம் இதற்கு மாற்று: மேற்கு வானம் முழுவதும் ஒரே ஒளிப்பெட்டியாகிவிடும், கார் நெடுக அது ஒரே பட்டையாக ஓடும். ட்ரைபாடில் கேமராவை வைத்து, அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்தால் போதும். பளபளக்கும் காரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூன்று படங்களுக்கிடையே மேகம் நகர்ந்தால், வானத்தில் மட்டுமல்ல, பானெட்டிலும் நகர்ந்திருக்கும். மூன்றையும் இணைக்கும் மென்பொருளின் டீகோஸ்ட் (நகர்ந்த இடங்களை ஒரே படத்திலிருந்து எடுக்கும் வசதி) வானத்துக்கு ஒரு படத்தையும் பானெட்டுக்கு இன்னொரு படத்தையும் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. காற்று வேகமான நாளில் ஒரே ரா ஃபைலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரே ரா ஃபைலில் 14 ஸ்டாப் கிடைக்கும்போது மூன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: பெரும்பாலும் தேவையில்லைதான். வண்டிக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் படம், இருண்ட ஷெட்டின் திறந்த கதவு, சூரியனே சட்டத்துக்குள் வரும் படம், இந்த மாதிரி இடங்களில் மட்டும் எடுங்கள். போலரைசர் ஃபில்டரும் இப்படித்தான், இடம் பார்த்துப் பயன்படுத்த வேண்டியது. செங்குத்துக் கோட்டிலிருந்து 56 டிகிரி அளவில் அது கிளியர் கோட்டின் பிரதிபலிப்பை ஏறக்குறைய முழுதாக அழித்துவிடும். முன்கண்ணாடிக்கு அது வரம், கதவுக்குச் சாபம். பாதி திருப்பி நிறுத்துங்கள்.

எடிட்டிங்கில் மாஸ்க்தான் எல்லாம். பெயின்ட் பூசிய பாகங்களை ஒரு மாஸ்க்காகவும், மற்ற எல்லாவற்றையும் இன்னொன்றாகவும் பிரியுங்கள். தானியங்கித் தேர்வு காரை மொத்தமாகப் பிடிக்கும். அதிலிருந்து கண்ணாடி, சக்கரம், கிரில், விளக்கு இவற்றைக் கையால் கழிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் படம் அங்கேதான் தீர்மானமாகிறது. சக்கரத்துக்கும் கிரிலுக்கும் ஷேடோஸும் கிளாரிட்டியும் தாராளமாகக் கொடுங்கள். அங்கே விவரம்தான் பொருள். தரைக்கும் அப்படியே. வானத்துக்கு மேலே சொன்ன கறுப்பு–வெள்ளை விதிப்படி. பெயின்ட் மாஸ்க்கில் மட்டும் கிளாரிட்டி, டெக்ஸ்சர், டீஹேஸ் மூன்றும் சுழியில் இருக்கட்டும். வேண்டுமானால் கிளாரிட்டி ஐந்து, பத்து மைனஸில்கூடப் போகலாம், தகடு எண்ணெய் தடவியதுபோல் வழவழக்கும். வெளிச்சத்தை ஏற்ற இறக்க எக்ஸ்போஷரையோ கர்வையோ பயன்படுத்துங்கள். அவை எல்லாப் புள்ளியையும் ஒரே விதிப்படி நகர்த்தும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து நகர்த்தாது. அதனால் வரிசை குலையாது, கூரை விளிம்பில் வெள்ளைப் பட்டையும் வராது. தோள் கோட்டை ஒரு மெல்லிய பிரஷால் கால் ஸ்டாப் ஏற்றி, கதவின் அடிப்பகுதியைக் கால் ஸ்டாப் இறக்கிப் பாருங்கள். எச்டிஆர் என்று மக்கள் தேடும் அந்த முப்பரிமாண எடுப்பு அதில் வந்துவிடும்.

பழைய கார் விற்பதற்காகப் படம் போடுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஒடுக்கைக் காட்டிக்கொடுப்பது பிம்பத்தின் நெளிவு என்று பார்த்தோம். பெரிய ஒளி இறக்கத்தை நசுக்கும் எடிட் அந்த நெளிவையும் சேர்த்து நசுக்குகிறது. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது மறைகிறது. இன்னொரு பக்கம், துடைத்ததில் விழுந்த மயிரிழைக் கீறலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. நல்ல வண்டிக்கு விலை குறைகிறது. விற்பவருக்கும் நஷ்டம், வாங்குபவருக்கும் நஷ்டம். விற்பனைப் படத்துக்கு மேகமூட்டமான காலையும் சுத்தமாகக் கழுவிய வண்டியும் போதும்.

கைபேசியில் எடுப்பவர்கள் ஏற்கெனவே எச்டிஆர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கூகுள் 2016இல் விளக்கி வெளியிட்ட முறையில், ஒரு தட்டலுக்குப் பின்னால் சற்று இருட்டாக எடுத்த பல படங்கள் அடுக்கப்பட்டு, டோன் மேப்பிங்கும் முடிந்தே படம் கைக்கு வருகிறது. அதன்மேல் ஸ்னாப்சீட்டின் எச்டிஆர் ஸ்கேப்பை ஓட்டுவது ஒருமுறை வடித்த சோற்றை மறுபடி உலையில் போடுவதுதான். பல கைபேசிகளிலும் ரா எடுக்கும் வசதி வந்துவிட்டது. கார் படத்துக்கு அதைத் திறந்துவிடுங்கள். அதோடு, சுருக்கவேண்டிய கட்டாயமே மெல்லக் குறைந்து வருகிறது. 2023இல் லைட்ரூமில் நிஜமான எச்டிஆர் எடிட்டிங் வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டு 14இல் அல்ட்ரா எச்டிஆர் படங்கள் வந்தன. ஒரே ஜேபெக்குக்குள் கூடுதல் வெளிச்சத்தின் வரைபடமும் இருக்கும். அதற்கேற்ற திரையில் திறந்தால் பானெட்டின் அந்த வெள்ளைப் புள்ளி உண்மையிலேயே மற்ற வெள்ளைகளைவிடப் பளிச்சென்று எரியும், கதவின் இறக்கம் நசுங்காமல் இருக்கும். ஆனால் 256 படிக்குள் ஒருமுறை நசுக்கிச் சேமித்த படத்திலிருந்து அந்த வெளிச்சத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே மெர்ஜ் முடிந்ததும் இடத்தை மிச்சம் பிடிக்க மூல ரா ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். மூன்றையும் அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.